வெக்ஸ்போர்ட் பின்மூலையில் பாடிய பழைய கார்கள்

பழைய கார் ரேடியோ திருத்துகிறவனுக்கு நல்ல காது இருக்கிறதோ இல்லையோ, நல்ல முதுகு இருக்க வேண்டும். தலை பிரேக் மிதிக்குப் பக்கத்திலும் கால்கள் சீற்றின் முதுகுக்கு மேலுமாகத் தொங்கிக்கொண்டு, ஒரு கையில் லைற், மறு கையில் ஸ்பானர், வாயில் ஒரு திருகாணி என்று கிடந்தால்தான் அந்தப் பெட்டி டாஷ்போர்டை விட்டு இறங்கும். இந்த வேலையை எனக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை. நூலகத்தில் எடுத்த பழைய புத்தகங்களும், குப்பையில் பொறுக்கின ரேடியோக்களும், வாங்கின கரண்ட் ஷொக்குகளும்தான் வாத்தியார்மார்.

தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் நான் இரவில் ஒரு பாண் பேக்கரியில் தட்டு இழுத்துக்கொண்டிருந்தேன். சென் ஜேம்ஸ் ரவுணில் இருபத்தோராம் மாடியில் வீடு. நான் வேலையால் வரும்போது மனைவி ராணி வேலையில். அவள் வரும்போது நான் நித்திரை. நான் வெளிக்கிடும்போது அவள் படுக்க ஆயத்தம். லிஃப்ற் வாசலில் சந்தித்துத் தலையாட்டுகிற அயலவர் மாதிரி ஒரு குடும்பம். பகலில் திரைச்சீலைக்குப் பின்னால் கிடந்து புரண்டவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். விளங்காதவர்கள் கொடுத்துவைத்தவர்கள், நீங்களும் வாசியுங்கள்.

நானா தந்த மூலை

பேக்கரிக்குக் கிட்ட, வெக்ஸ்போர்டில் ஒரு கராஜ். நடத்தினவர் கிழக்கிலங்கையில் மூதூர்ப் பக்கத்து முஸ்லிம் மனிதர், வயதில் எனக்கு மூத்தவர். அண்ணன் முறையில் எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். ஒரு நாள் காலமை பஸ்ஸைத் தவறவிட்டு அவருடைய வாசலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றேன். ஐம்பதுகளில் செய்த, பின்பக்கம் இரண்டு சிறகு முளைத்த நீளமான அமெரிக்கக் கார் ஒன்று பிரேக் பார்க்க வந்திருந்தது. ரேடியோ பாடுவதில்லை என்று சொந்தக்காரர் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னார். நானும் சும்மா ஒரு பேச்சுக்குக் கழற்றினேன். மத்தியானம் அது பாடியது.

நானா கையைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு கராஜின் பின்மூலையைக் காட்டினார். ஒரு மேசையும் லைற்றும் தருவார். காலமையில் பேக்கரி முடிந்து வந்து நான் அங்கே வேலை செய்யலாம். பனிக்காலத்துக்கு விண்ரர் டயர் மாற்றுகிற காலம் தொடங்குமுன் ரேடியோ வேலை ஒழுங்காக வரத் தொடங்கினால் மூலை எனக்கே. இரவு வேலையை விட்டுவிட்டு முழுநாளும் வரலாம். வராவிட்டால் அந்த இடத்தில் வழமைபோல டயர் அடுக்குவார். பகல் வேலை என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், நான் ஓம் என்றுவிட்டேன். நானா சிரிக்கவில்லை. "தம்பி, டயர் பாடாதுதான். ஆனா ஒவ்வொரு வருஷமும் வரும்" என்றார்.

கணவரோடு போன பழுது

அந்தக் காலத்து அமெரிக்கக் கார்களில் ரேடியோவே ஒரு ஓப்ஷன். கார் வாங்கும்போது கேட்டால்தான் கொம்பனி பூட்டிக் கொடுக்கும். வசதியான ஆட்கள் இன்னும் மேலே போய், ஸ்ரேசனைத் தானே தேடிப் பிடிக்கிற ரேடியோவாகக் கேட்பார்கள். அப்படி ஒன்றோடு வந்தார் மிஸஸ் கிரீன். கணவர் போன மாரியில் தவறிப்போனார். இவர் இவ்வளவு காலமும் பக்கத்துச் சீற்றில்தான். இப்போதுதான் காரை ஓட்டத் தொடங்கியிருக்கிறார். ரேடியோ நன்றாகப் பாடுகிறது, ஆனால் ஒரு பழுது என்றார். (ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் தருகிறேன். கருத்தில் கை வைக்கவில்லை.) "முந்தி இது தானா ஸ்ரேசன் மாத்தும். எனக்குப் பிடிச்ச பாட்டுக்காரன் ஒருத்தன் இருக்கிறான். அவன் வாயைத் திறந்தால் டக்கெண்டு வேறை ஸ்ரேசனுக்குப் போயிடும். ஏன் இப்பிடி எண்டு கேட்டால், 'இது ஓட்டோமற்றிக், நான் என்ன செய்ய' எண்டு அவர் சொல்லுவார். அவர் போனதுக்குப் பிறகு ஒருக்காலும் மாறேல்லை. இருந்தபடியே திருத்தித் தாங்கோ."

நான் தலைகீழாக இறங்கிப் பார்த்தேன். ரேடியோவில் ஒரு குறையும் இல்லை. வெளியே வரும்போதுதான் கண்ணில் பட்டது: தரையில், இடதுகால் வைக்கிற இடத்தில், கம்பளத்தின் ஓரத்தில் ஒரு உருண்டைப் பட்டன். அதுவும் கொம்பனி கொடுத்த ஓப்ஷன்தான். காலால் ஒருக்கால் அமத்தினால் அடுத்த ஸ்ரேசன். கை ஸ்ரியறிங்கை விடவும் தேவையில்லை, பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியவும் தேவையில்லை. மிஸஸ் கிரீனை ஓட்டுகிற சீற்றில் இருத்தி, சப்பாத்துக்காலை அதன்மேல் வைக்கச் சொன்னேன். அமத்தினார். மாறியது. இன்னொரு தரம் அமத்தினார். மாறியது. பிறகு வெகுநேரம் அமத்தாமலே இருந்தார். நான் ஸ்பானரைத் துடைத்தேன். கடைசியில் கதவைச் சாத்தி, கண்ணாடியை இறக்கி, "இவ்வளவு காலமும் இதை அமத்தினவர், ஒருக்காலும் அவர் முகத்திலை ஒரு சிரிப்புக்கூட இருந்ததில்லை, பாரும்" என்றார்.

டிக்கிக்குள் இடி

அறுபதுகளில் வந்த ஒரு ஓப்ஷன், காருக்குள் பெரிய மண்டபத்தில் பாடுவது போல எதிரொலி கேட்கச் செய்யும், டிக்கிக்குள் பூட்டுகிற பெட்டி. அதற்குள் இருப்பது இரண்டு மெல்லிய ஸ்பிறிங். பாட்டு அதற்குள்ளால் போய் நடுங்கி வரும். அப்படிப் பெட்டி பூட்டின கார் ஒன்றைத் திருத்தி முடித்த சனிக்கிழமை, ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்று நானா என்னை ஏற்றிக்கொண்டு எங்கள் வீட்டுப் பக்கம் வந்தார். நல்ல வெயில், நல்ல பாட்டு. நானாவும் ஸ்ரியறிங்கில் தாளம் போட்டுக்கொண்டு வந்தார்.

தெருவில் ஸ்றீற்கார் என்கிற ட்ராம் வண்டியின் தண்டவாளம் குறுக்கிட்டது. கார் ஏறி இறங்க, பின்னால் "டாங்" என்று ஒரு இடி. தகரக் கூரையில் தேங்காய் விழுந்த சத்தம். நானா நடுத்தெருவில் பிரேக்கை ஊன்றினார். பின்னால் ஸ்றீற்கார்க்காரன் மணி அடிக்கிறான். நானா இறங்கி, வெள்ளைச் சேட்டோடு தாரில் முழங்கால் போட்டு, காருக்கடியில் குனிந்து பார்த்தார். வாடிக்கைக்காரருடைய கார், சைலன்சரோ அச்சோ விழுந்துவிட்டதென்றே நினைத்தார். நான் ஜன்னலால் தலையை நீட்டி, பள்ளத்தில் விழுந்தால் ஸ்பிறிங் அடிபடும், அந்தக் காலத்திலேயே அப்படித்தான், ஒன்றும் உடையவில்லை என்று விளக்கினேன். அவர் நெஞ்சில் கை வைத்து மூச்சை விட்டார். ஏறி இருந்து, அடுத்த சிவப்பு லைற் வரைக்கும் ஓட்டினார். பிறகு, "பாட்டு நல்லாத்தான் இரிக்கி. ஆனா தம்பி, இடிக்கும் சேத்தா இந்த மனிசன் காசு குடுத்த?" என்றார்.

முன்னுக்கும் பின்னுக்கும்

எங்கள் ஆட்களில் பழைய அமெரிக்கக் காரோடு வந்த முதல் ஆள் ரூபன். பீஸா கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. வள்ளம் மாதிரி நீளமான, எழுபதுகளின் தொடக்கத்துக் காரை மலிவுக்கு வாங்கி வந்திருந்தான். டாஷ்போர்டில் கொம்பனி ரேடியோ, வரிசையாக ஐந்து பட்டன். "அண்ணை, அஞ்சிலையும் எங்கட தமிழ் ரேடியோவைப் போட்டு விடுங்கோ" என்றான். அந்த நாட்களில் ரொறன்ரோவில் எங்கள் வானொலி சாதாரண ரேடியோவில் வராது. அதற்கென்று தனிப் பெட்டி வாங்கி வீட்டு ஜன்னலோரம் வைத்துக் கேட்போம். அதைச் சொன்னேன். ரூபனுக்கு அது ஏறவில்லை. "யாழ்ப்பாணத்திலை கரண்ட் இல்லாமல் சைக்கிளைக் கவிட்டு வைச்சு, உழக்கி உழக்கி டைனமோவிலை செய்தி கேட்டனாங்கள். உது எட்டு சிலிண்டர் கார். உதிலை கேக்க ஏலாதெண்டு சொல்லுறியள்" என்றான். அதில் நியாயம் இருந்தது.

அந்தக் காரில் பின்சீற்றுக்குப் பின்னால் இன்னொரு ஸ்பீக்கரும் ஓப்ஷனாகப் பூட்டியிருந்தார்கள். ரூபன் வீட்டுத் தமிழ்ப் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, கார் பற்றரியில் இருந்து அதற்கு அளவான மின்சாரம் எடுத்து, சீற்றுக்கடியில் வைத்து, அதன் சத்தத்தைப் பின் ஸ்பீக்கருக்கு விட்டேன். முன் ஸ்பீக்கரில் பழைய ரேடியோ தன்பாட்டில் வீதி நிலவரம் சொல்லிக்கொண்டிருந்தது. பின்னால் எங்கள் அறிவிப்பாளர் பிறந்தநாள் வாழ்த்து வாசித்தார். ரூபன் இரண்டையும் ஒன்றாகப் போட்டு, கண்ணை மூடிக் கேட்டான். "முன்னுக்கு இங்கிலீசு, பின்னுக்குத் தமிழ். என்ர மூத்த மகள் கதைக்கிறதும் உப்பிடித்தான் அண்ணை, தொடங்கிறது ஒண்டு, முடிக்கிறது ஒண்டு" என்றான்.

ஏரியலுக்கு மாலை

இரண்டு கிழமை கழித்து அதே ரூபன் காரை வாசலில் விட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்தான். காருக்குக் கோயிலில் பூசை செய்வித்தானாம். எலுமிச்சம்பழம் டயருக்கடியில் நசுங்கியாயிற்று, பொனற்றில் சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. ஐயர் மாலையைக் கொடுத்தபோது, பழைய காரின் முன்பக்கத்தில் கொளுவ ஒரு இடமும் அகப்படாமல், நெட்டையாக நின்ற ஏரியலில் கொளுவிவிட்டான். அந்த ஏரியலும் ஒரு ஓப்ஷன்: ரேடியோவைப் போட்டால் மோட்டார் அதை மேலே தள்ளும், நிற்பாட்டினால் உள்ளே இழுக்கும். கோயில் வாசலில் மரியாதைக்காக ரேடியோவை நிற்பாட்டியிருக்கிறான்.

வெளியே வந்து பார்த்தேன். மாலையின் பாதி வெளியே, பாதி காரின் தோளுக்குள். உள்ளே மோட்டார் "ங்ங்" என்று அழுதுகொண்டிருந்தது. வயரைக் கழற்றி அதை அமைதிப்படுத்தி, மட்கார்ட்டின் உட்பக்கத்தைத் திறந்து, நூலை இடுக்கியால் ஒவ்வொரு சுற்றாக எடுத்தேன். செவ்வந்தி இதழ் கைநிறைய வந்தது. பேக்கரிப் புளிமாவு மணத்தோடு ஊறிப்போன என் கைக்கு அன்று முழுக்கக் கோயில் மணம். மோட்டார் எரியவில்லை, ஏரியல் வளையவில்லை. எனக்கே பெரிய ஆறுதல், ஏனென்றால் அந்தக் கோடையில் ஒழுங்காகத் திரும்பி வந்த ஒரே வாடிக்கைக்காரன் அவன்தான். ஏரியலை மேலும் கீழும் ஓடவிட்டுக் காட்டினேன். ரூபன் இதழ்களை வீசாமல் ஒரு பையில் அள்ளிக்கொண்டு சொன்னான்: "மாலையைக் காருக்குப் போடச் சொன்னவர் ஐயர். கார் விழுங்குமெண்டு அவருக்கும் தெரியாதுதானே."

முனகல் இல்லாத ரேடியோ

கோடை முடிகிற நேரம், பக்கத்து ஊரான மார்க்கத்திலிருந்து வோல்ற்றர் வந்தார். தொலைபேசிக் கொம்பனியில் வேலை செய்து ஓய்வெடுத்தவர். பழைய கார் வைத்திருப்பவர்களின் கழகம் ஒன்றில் எல்லாரையும் தெரிந்தவர். அவருக்குப் பிடித்தால் கழகமே வரும், பிடிக்காவிட்டால் டயர்தான் வரும் என்று நானா என் காதில் சொன்னார். வோல்ற்றருடையது ஐம்பதுகளின் தொடக்கத்து வால்வு ரேடியோ. அதில் பெருவிரல் தடிப்பில் ஒரு தகரக் குழல் இருக்கும். அதற்குள் ஒரு தகட்டு நாக்கு ஓயாமல் துடிக்கும். அது துடித்தால்தான் பற்றரியின் சொட்டு மின்சாரம் வால்வுகளுக்குப் போதுமான அளவுக்கு ஏறும். துடிக்கிறபோது ஒரு முனகல் கேட்கும். அவருடையதில் நாக்கு ஒட்டிக்கொண்டு கிடந்தது. நான் அதை எடுத்துவிட்டு, அதே வேலையைச் சத்தமில்லாமல் செய்கிற புதிய மின்சுற்று ஒன்றை மினைக்கெட்டுச் செய்து வைத்தேன். பாட்டு பளிங்கு மாதிரி வந்தது. எனக்கு அன்று மூன்று தேத்தண்ணி குடித்த உசார்.

வோல்ற்றர் அடுத்த நாளே திரும்பி வந்தார். ரேடியோ செத்துவிட்டது என்றார். மேசையில் வைத்துப் போட்டேன்; பாடியது. கொண்டுபோனார். பின்னேரம் திரும்பவும் வந்தார், செத்துவிட்டது. நானா ஒரு டயரை உருட்டிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார். இந்த முறை நான் காருக்குள் பக்கத்தில் இருந்து, அவரையே போடச் சொன்னேன். பட்டனைத் திருகினார், காதைச் சாய்த்தார், ஒரு சத்தமும் இல்லை, உடனே நிற்பாட்டிவிட்டு, "பார்த்தீரா" என்றார். அப்போதுதான் விளங்கியது. வால்வு சூடாகிப் பாடத் தொடங்க நேரம் எடுக்கும். அதுவரைக்கும் அந்த முனகல்தான் ரேடியோ உயிரோடு இருக்கிறதென்று அவருக்குச் சொல்லி வந்திருக்கிறது. முனகல் இல்லையென்றால் அவர் காத்திருக்கவே மாட்டார்.

விளங்கப்படுத்தினேன். காத்திருந்தார், பாடியது. முகம் மட்டும் மாறவில்லை. பழைய கார்க் கண்காட்சியில் நடுவர் ஜன்னலால் காதை நீட்டி முதலில் தேடுவதே அந்த முனகலைத்தான். இல்லையென்றால் உள்ளே புதுச் சாமான் இருப்பது தெரிந்துவிடும் என்றார். நான் குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துப் பழைய குழலைத் தேடி எடுத்தேன். விளிம்பை மெல்ல நிமிர்த்தித் திறந்து, நாக்கின் முனைகளை மிக மெல்லிய சாண்ட்பேப்பரால் துடைத்து, மூடி, செருகினேன். என் அழகான சுற்று மேசையில் அநாதையாகக் கிடந்தது. பட்டனைத் திருகினார். முனகியது. வால்வுகள் சிவக்கும்வரை இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். வோல்ற்றர் தோளைத் தளர்த்திக்கொண்டு, "இப்பதான் இது என்ர ரேடியோ" என்றார்.

டயர் வந்த கிழமை

அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை. இலைகள் நிறம் மாறின, விழுந்தன. ஒரு பழைய காரும் தெருவில் இல்லை. பேக்கரியில் சுப்பவைசர், இரவு ஷிஃப்றில் நிரந்தரமாக இருக்கப் பெயர் தருகிறாயா என்று கேட்டான். வெள்ளிக்கிழமை பதில் வேண்டும். அந்த வெள்ளிக்கிழமையே நானாவின் டயர் லொறியும் வருவதாக இருந்தது. பழைய காரெல்லாம் பனி விழுமுன் போர்வை போர்த்து கராஜுக்குள் போய்விடும், இனி வசந்தத்தில்தான் எழும்பும் என்று நானா ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இருக்கவில்லை. வெள்ளி காலமை சாமான்களைப் பாண் கூடையில் அடுக்கினேன். ஈயம் பற்றவைக்கிற சோல்டர் கோல் இன்னும் சூடு ஆறாமல் இருந்ததால் அதை மட்டும் கடைசிக்கு விட்டேன்.

லொறி வந்து நின்றது. அதற்குப் பின்னால், உள்ளே வர இடமில்லாமல், வோல்ற்றரின் வான் வண்டி. நான் அவருடைய ரேடியோ திரும்பவும் செத்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன். அவர் பின்கதவைத் திறந்தார். துவாயில் சுற்றினது, தலையணை உறையில் போட்டது, பிள்ளையின் பழைய போர்வையில் கட்டினது என்று வான் முழுக்க ரேடியோக்கள், ஸ்பீக்கர்கள், மோட்டார் ஏரியல்கள். ஒவ்வொன்றிலும் சொந்தக்காரரின் பெயர் எழுதின துண்டு ஒட்டியிருந்தது. கார் ஓடுகிற காலத்தில் எவன் டாஷ்போர்டைப் பிரிக்க விடுவான் என்று கேட்டார் வோல்ற்றர். கார் போர்வைக்குள் போன பிறகுதான் கழகத்துக்காரர் எல்லாரும் ரேடியோவைக் கழற்றுவார்களாம். வசந்தத்துக்குள் பாடவேண்டும், அவ்வளவுதானாம். நானும் நானாவும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். இவ்வளவு காலமும் நாங்கள் இரண்டு பேரும் பருவத்தைத் தலைகீழாகக் கணித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

லொறிக்காரன் டயரை எங்கே இறக்குவதென்று கேட்டான். நானா பின்மூலையைப் பார்த்தார், வான் வண்டியைப் பார்த்தார், பிறகு வெளியே வேலியோரத்தைக் காட்டினார். "அங்கால இறக்கி தார்ப்பாயால மூடு. விண்ரர் டயருக்குக் குளிரா பிடிக்கப் போகுது?"

வீட்டில் ஒரு புதுச் சத்தம்

சுப்பவைசருக்கு இல்லை என்று சொன்னேன். அவன் கை குலுக்கி ஒரு பாண் தந்தான். திங்கட்கிழமை பின்னேரம் பஸ்ஸில் வேலையால் வருகிற சனத்தோடு சனமாக நெரிபட்டு நின்று வந்தேன். எனக்கு அந்த நெரிசல்கூடப் பிடித்திருந்தது. ராணியும் நானும் மேசையில் எதிரெதிரே இருந்து இடியப்பம் சாப்பிட்டோம். கதைக்க நிறைய இருக்கும் என்று நினைத்தேன். இரண்டு பேரும் சொதி போதுமா என்பதைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. அதுவே நிறைவாக இருந்தது. அன்று படுத்ததுதான் தெரியும், விடிந்துதான் எழும்பினேன், கனவுகூட வரவில்லை.

காலமையில் ராணி தேத்தண்ணியை முன்னால் வைத்தாள். அவளுடைய கண்கள் சிவந்திருந்தன. நான் பயந்து என்னவென்று கேட்டேன். "ஒண்டுமில்லை. கலியாணம் முடிச்சு இவ்வளவு காலத்துக்குப் பிறகு நேற்றுத்தான் தெரிஞ்சுது, நீங்கள் உப்பிடிக் குறட்டை விடுறனீங்கள் எண்டு" என்றாள்.

இந்தத் தொழிலில் நான் கண்டுபிடித்த ஒரே தத்துவம், கார் நித்திரை கொண்டால்தான் ரேடியோக்காரனும் நித்திரை கொள்ளலாம் என்பதே. அவனுக்குப் பக்கத்தில் படுப்பவருக்கு அது உத்தரவாதம் தராது.